ஐந்தாவது கோலுக்கு இரண்டாவது சாட்சி

போன உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நடந்தபோது, எங்கள் பழைய பத்திரிகையில் இப்போது விளையாட்டுப் பக்கம் பார்க்கும் பிள்ளை ஒருத்தி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். ஆட்டம் முடிந்த மறுநிமிடமே யார் எத்தனை தடவை பந்தைத் தொட்டார், எவ்வளவு தூரம் ஓடினார் என்பதெல்லாம் தனக்குத் திரையில் வந்துவிடுகிறது என்றாள். மின்சாரமே இல்லாத காலத்தில் நீங்கள் புள்ளிவிபரப் பெட்டியை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டாள். "சைக்கிள் உழக்கித்தான் பிள்ளை" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து நன்றாகச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். அடக்கத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் எண்களோடு மாரடித்தவன் நான். அதில் ஒரு நாள் முழுவதும் என் பக்கம் நின்றது. அந்த நாளைப் பற்றிப் பெருமையடிக்காமல் எழுத எனக்குத் தெரியாது.

1983இல் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். அச்சுக்கோத்த பக்கத்தையும் கையெழுத்துப் பிரதியையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு வருடத்தில் கண் பழகிவிட்டது. விளையாட்டுப் பக்கம் பார்த்தவர் வெளிநாடு போக, பந்துப் பைத்தியம் என்ற ஒரே தகுதிக்காக அந்தக் கால் பக்கத்தை என்னிடம் தந்தார்கள். பக்கத்தின் அடியில் 'க. இராசநாயகம்' என்று என் பெயர் வரும். அந்தப் பெயருக்காகச் சம்பளம் இல்லாமலும் வேலை செய்திருப்பேன்.

எங்கள் ஆசிரியர் அம்பலவாணர். எல்லோரும் ஐயா என்போம். அவர் கதிரையில் இருந்துகொண்டு அச்சுப்படியை, அதாவது புறூவை, பார்த்ததை நான் கண்டதில்லை. நின்றபடி, தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசிப்பார். சிவப்புப் பென்சில், அதுவும் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்தது. பிழை என்று வாயால் சொல்ல மாட்டார். சந்தேகமான எண்ணைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு, தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த வட்டத்துக்கு ஒரே பொருள்தான்: இதற்கு இரண்டாவது சாட்சி எங்கே? எந்த எண்ணுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்கு ஒரு கிளைச் சட்டமும் இருந்தது. இரண்டாவது ஆளிடம் கேட்கும்போது, முதல் ஆள் என்ன சொன்னார் என்பதைக் காட்டக்கூடாது. "நீர் விடையையும் சேர்த்துக் கேட்டால், அவர் ஓம் எண்டுதான் சொல்லுவார்" என்பார்.

1986 உலகக் கிண்ணத்தில் டென்மார்க்குக்கு எதிராக ஸ்பெயின் வீரர் ஒருவர் நான்கு கோல் போட்டார். அன்று ஐயா அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டில். வட்டம் போட ஆளில்லை. ஒரே ஆட்டத்தில் நான்கு கோல், உலகக் கிண்ண வரலாற்றில் இதுவே முதல் தடவை, உலக சாதனை என்று நான் எழுதித் தள்ளினேன். எந்த வானொலியும் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று முன்னர் நடந்திருக்காது என்ற நினைப்பில் எழுதினேன்.

அடுத்த நாள் காலை நாவாந்துறையிலிருந்து சூசைப்பிள்ளை என்பவர் வந்தார். கடல் தொழில் செய்பவர். மடித்துக் கட்டிய சாரம், கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய ஆங்கிலச் சஞ்சிகை. ஐயாவின் மேசையில் அதை விரித்து வைத்தார். உலகக் கிண்ணத்தில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர்களின் பட்டியல் அதில் இருந்தது. ஒருவரல்ல, பலர்.

"உந்தத் தம்பி பொய் எழுதேல்லை ஐயா. ஆனால் பாக்காமல் எழுதியிருக்கிறார். எங்கடை மீன் வாடியில பெடியள் உதை நம்பி எனக்கு முன்னால சண்டை பிடிக்கிறாங்கள்."

ஐயா அவருக்கு நன்றி சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு மூன்று விடயம் சொன்னார். பிழை வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும். இனிமேல் 'சாதனை' என்ற சொல் என் பக்கத்தில் வருவதென்றால் அவருடைய கையொப்பம் வேண்டும். மூன்றாவது, என் பெயர் நாளையிலிருந்து வராது.

"எப்ப ஐயா திரும்பப் போடுவியள்?"

"எழுதினது ஆர் எண்டு வாசகர் தானாக் கேக்கிற நாளில போடுவம்."

எந்த வாசகர் அப்படிக் கேட்கப் போகிறார்? கோபத்தில் அன்று பின்னேரமே இராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதையும் இரண்டு தரம் ஒப்புநோக்கிவிட்டுக் கிழித்தேன். எனக்கு அந்தப் பெயர் வேண்டும். கெஞ்சி வாங்கவும் விருப்பமில்லை.

அதன் பிறகுதான் என் கொப்பி பிறந்தது. கடினமட்டை போட்ட, நானூறு பக்கக் கொப்பி. முதலாவது உலகக் கிண்ணத்திலிருந்து எல்லா ஆட்டங்களையும் எழுதத் தொடங்கினேன். எங்கே தேடுவது? கோயில் பாதிரியார் ஒருவரின் அலுமாரியில் பழைய விளையாட்டு ஆண்டு மலர்கள் கிடந்தன. திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சஞ்சிகைகளைக் கட்டிக் கட்டிப் பரணில் வைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார், அங்கேயே இருந்து எழுத வேண்டும். இரண்டு புத்தகம் ஒத்துப்போனால் பேனாவால் எழுதுவேன். ஒத்துப்போகாவிட்டால் பென்சில். 1938, 1950 இரண்டு வருடத்திலும் பென்சில் அதிகம். ஒரு புத்தகம் ஒருவருக்கு மூன்று கோல் என்னும், மற்றது நான்கு என்னும். நான்கு வருடத்தில் கொப்பி முடிந்தது. என் மனைவி அதற்கு மூத்த சக்களத்தி என்று பெயர் வைத்தாள்.

1990இல் போர் மூண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பற்றரியும் கிடையாது. அதற்குள் பத்திரிகை கொக்குவிலில் ஒரு வளவு வீட்டுக்கு இடம் மாறியிருந்தது. ஈய எழுத்தைக் கையால் கோத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் அச்சடித்தோம். வெளிச்சம் வேண்டுமென்பதால் பகலில் அச்சாகிப் பின்னேரம் விற்பனைக்குப் போகும். பக்கம் பதினொரு மணிக்கு இறுகிவிடும். பிறகு ஒரு புள்ளியும் மாற்ற முடியாது.

வெளிநாட்டுச் செய்திக்கு ஒரே வழி சிற்றலை ரேடியோ. ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, பின்சில்லு டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். ஒருவர் ஏறியிருந்து உழக்க வேண்டும். வேகம் குறைந்தால் குரல் தேயும். கால் நின்றால் ரேடியோவும் நிற்கும். எங்கள் உழக்குநர் கணேசலிங்கம். அச்சுக்கோப்பாளர், பழைய கோல் காப்பாளர், இரும்புத் தொடை. ஆனால் அவரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. ஆச்சரியமான செய்தி வந்தால் தன்னை மறந்து உழக்குவதை நிறுத்திவிடுவார். உலகத்தில் பெரிய விடயம் நடக்கும் போதெல்லாம் சரியாக அந்த இடத்தில் எங்கள் ரேடியோ செத்துவிடும்.

1994 உலகக் கிண்ணம் அமெரிக்காவில் நடந்தது. ஆட்டங்கள் எங்களுக்கு விடியப்புறம் முடியும். காலை ஆங்கிலச் செய்தியில் முடிவு வரும். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், கணேசலிங்கம் உழக்க, நான் தாளும் பேனாவுமாகக் காதை ரேடியோவில் வைத்திருந்தேன். ரஷ்யா ஆறு, கமரூன் ஒன்று என்றார் அறிவிப்பாளர். எழுதினேன். ரஷ்யாவின் ஆறில் ஐந்தை ஒரே வீரர் போட்டார் என்று தெளிவாகச் சொன்னார்.

"அஞ்சோ?" என்றார் கணேசலிங்கம். கால் நின்றது. ரேடியோ செத்தது.

"உழக்கும் ஐசே."

"ஒரே ஆள் அஞ்சோ?"

"உழக்கும் எண்டுறன்."

அவர் திரும்ப உழக்கிக் குரல் வந்தபோது அறிவிப்பாளர் டெனிஸுக்குப் போய்விட்டார். கணேசலிங்கத்தை அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. கொப்பியை எடுத்து, நான்கு கோல் போட்டவர்களின் பக்கத்தை விரித்தேன். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தேன். நான்கு, நான்கு, நான்கு. ஐந்து எங்கேயும் இல்லை. இது புதிது. அந்தச் சொல்லை எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது, ஆனால் அதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஏழரைக்கு ஐயா வந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

"இதில ரெண்டு விசயம் கிடக்கு. அஞ்சு போட்டது ஒண்டு. அது சாதனை எண்டது இன்னொண்டு. ரெண்டுக்கும் தனித்தனிச் சாட்சி வேணும். சாதனை எண்டு ரேடியோ சொன்னதோ?"

"சொல்ல முதல் கணேஸ் நிப்பாட்டிப் போட்டார் ஐயா. ஆனால் என்ரை கொப்பி சொல்லுது."

கொப்பியை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "1938இல உது ஏன் பென்சில்?"

"ஒரு புத்தகம் மூண்டு எண்டுது. மற்றது நாலு எண்டுது. ஆனால் ஒண்டும் அஞ்சு எண்டு சொல்லேல்லை."

"1950?"

"அதுவும் அப்பிடித்தான். எந்தப் புத்தகத்தை நம்பினாலும் நாலைத் தாண்டேல்லை."

கொப்பியை மூடி என்னிடம் தந்தார். "சாதனைக்குச் சாட்சி போதும். அஞ்சுக்கு?"

"நானும் கேட்டனான் ஐயா" என்றார் கணேசலிங்கம்.

"ஒரே ரேடியோவைக் கேட்ட ரெண்டு பேரும் ஒரு சாட்சிதான்."

எட்டரை மணிச் செய்திக்கு நானே ஏறி உழக்கினேன். ஆறுக்கு ஒன்று என்ற முடிவு மட்டும் வந்தது. யார் போட்டார் என்று சொல்லவில்லை. வேறு யார் அந்த ஆட்டத்தைக் கேட்டிருப்பார்கள்? கணேசலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நாவாந்துறைச் சூசை அண்ணை கேட்டிருப்பார்" என்றார்.

"அவரிட்டையோ?" என்றேன்.

"ஏன், அவருக்குக் காது இல்லையோ?" என்றார் ஐயா.

சைக்கிளை எடுத்தேன். எட்டு வருடமாக அந்த மனிதரை நான் சந்தையில் கண்டாலும் மற்றப் பக்கத்தால் போயிருக்கிறேன். ஓட்டுமடத்துக்குக் கிட்ட இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று சுற்ற, மதிலோரம் இறங்கி நின்றதில் பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடமும் அவருக்கு ஆட்டம் பிடிபட்டிருக்கக் கூடாது என்று ஒரு மனம் மன்றாடியது, பிடிபட்டிருக்க வேண்டும் என்று மற்ற மனம் மன்றாடியது.

சூசைப்பிள்ளை பூவரசுக்குக் கீழ் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இரவில் கடலுக்குப் போகத் தடை என்பதால் அவருக்கு இரவில் ரேடியோதான் தொழில்.

"இரவு ரஷ்யா கமரூன் ஆட்டம் ஏதும் கேட்டனியளோ அண்ணை?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் கண்டுவிட்டார். "நீர் என்ன கேட்டீர்?"

"நான் அதைச் சொல்லக்கூடாது."

"ஓ. அப்ப உங்கடை ஐயா இன்னும் திடகாத்திரமாத்தான் இருக்கிறார்" என்று சொல்லி ஊசியை வலையில் குத்தினார். "சரி. நீர் கேட்டதைத் தாளில எழுதி உந்தக் கல்லுக்குக் கீழ வையும். பிறகு நான் காட்டுறன்."

எழுதி வைத்தேன். அவர் உள்ளே போய்ப் பலகைப் பெட்டி மூடி ஒன்றைத் தூக்கி வந்தார். அதில் கரியால் எழுதியிருந்தது. பிரேசில் ஆட்டத்தைத்தான் வர்ணித்தார்களாம். இடையிடையே மற்ற ஆட்டத்தில் விழும் கோல்களையும் சொன்னார்களாம். ஒவ்வொன்றையும் நிமிடத்தோடு எழுதியிருந்தார். பதினைந்து, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கில் தண்ட உதை. இடைவேளை முடிந்த கையோடு கமரூனின் ஒன்று. பிறகு எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, கடைசியாக எண்பத்தொன்று. அந்தக் கடைசிக்கு மட்டும் வேறு பெயர். மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் ஒரே பெயரின் முதலெழுத்து. கல்லைத் தூக்கி என் தாளைப் பார்த்தார். ஒத்துப்போனது. கேட்காமலே அவருடைய வாங்கில் இருந்துவிட்டேன்.

"ஒரு கோலும் விடாமல் எப்பிடி அண்ணை கேட்டனியள்? எங்கடை ஆள் ஆச்சரியப்பட்டு நிப்பாட்டிப்போடுவார்."

"மனுசிதான் உழக்கினவ. அவவுக்குப் பந்து விளங்காது. ஆர் கோல் போட்டாலும் அவ நிப்பாட்டமாட்டா."

கமரூனின் அந்த ஒரு கோலைப் போட்டவரின் பெயரைப் பார்த்தேன். 1990இலும் கோல் போட்ட அதே மனிதர். அப்போது முப்பத்தெட்டு வயது. உலகக் கிண்ணத்தில் கோல் போட்டவர்களில் வயது கூடியவர் என்று என் கொப்பியில் பேனாவால் எழுதியிருந்தேன். இப்போது நாற்பத்திரண்டு. தன் சாதனையைத் தானே முறித்திருக்கிறார். ஒரு ஆட்டம், இரண்டு சாதனை.

"சாதனை எண்டு எழுதப் போறீரோ?" என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

"ஓம்."

"எண்பத்தாறிலயும் எழுதினீர்."

"அப்ப நாலு போட்ட ஆக்களின்ரை பேர் எனக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

"சொல்லும் பாப்பம்."

சொன்னேன். கொப்பி கொக்குவிலில் கிடந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. வருடம், நாடு, எதிரணி, பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடித்தார். 1938க்கு வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார். "அது பென்சில்" என்றேன். ஏன் என்று விளக்கினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் அந்த ஆளை நம்பிறேல்லை" என்றார். முடித்தபோது, "ஒண்டும் விடேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைத் திரும்பக் கையில் எடுத்தார்.

பத்தேகாலுக்குக் கொக்குவிலில் நின்றேன். நான் இல்லாத நேரத்துச் செய்தியில் கமரூனின் கோலைப் போட்டவரின் பெயரைக் கணேசலிங்கம் கேட்டு எழுதி வைத்திருந்தார், அதற்கும் இரண்டாவது சாட்சி ஆயிற்று. வேர்வை சொட்டச் சொட்ட எழுதினேன். 'ஒரே ஆட்டத்தில் இரண்டு உலகக் கிண்ணச் சாதனைகள்' என்று தலைப்பு. கணேசலிங்கம் கோத்தார். பெரிய எழுத்தில் 6 தேய்ந்து போயிருந்ததால், 9ஐத் தலைகீழாக வைத்தார். கோல் போட்ட கிழவருடைய வயதுதான் தனக்கும், நாற்பத்திரண்டு என்று சொல்லி, அந்தப் பந்தியைத் தடித்த எழுத்தில் கோக்க வேண்டுமென்று அடம்பிடித்தார். காலையில் ரேடியோவைக் கொன்றவருக்கு என்ன துணிச்சல். ஆனாலும் விட்டுக்கொடுத்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க ஐயா புறூவை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்தார். பென்சில் முனை ஒவ்வொரு எண்ணுக்கு மேலாலும் நகர்ந்தது. தலைப்பில் 'சாதனை' என்ற சொல்லுக்கு மேல் நின்றது. அதற்குப் பக்கத்தில் சின்னதாகக் கையொப்பம் வைத்தார். அந்தத் தாளில் ஒரு வட்டமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"9ஐக் கவிட்டு வைச்சிருக்கிறார் கணேசலிங்கம்" என்று மட்டும் சொன்னார். "பரவாயில்லை."

அன்றைக்குப் பிரதிகள் நாலரை மணிக்குள் முடிந்தன. யாழ்ப்பாணத்தில் அந்தக் கோடையில் போர்ச் செய்தியை விட்டு வாசகர்கள் விளையாட்டுப் பக்கத்தை முதலில் திருப்பிய ஒரே பின்னேரம் அதுவாக இருக்கலாம். ஒரு கிழமைக்கு மேல் கழித்துக் கொழும்புப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதே ஐந்து கோல்கள், அதே நிமிடங்கள், அதே இரண்டு சாதனைகள். கணேசலிங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வளவு முழுவதும் சுற்றினார்.

ஆனால் அதற்கு முதலே, மறுநாள் காலை, படலையைத் திறந்துகொண்டு சூசைப்பிள்ளை வந்தார். அதே மடித்த சாரம். கையில் எங்கள் பத்திரிகை. அச்சகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். எண்பத்தாறு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஐயா எழும்பி வந்தார்.

"ஐயா, உதில ஒரு பிழை கிடக்கு."

எந்த எண்? எழுபத்திரண்டா? வயதா? ஐயா தன் சிவப்புப் பென்சிலை அவரிடம் நீட்டினார். சூசைப்பிள்ளை பத்திரிகையை மேசையில் விரித்து, என் செய்தி முடிகிற இடத்தில், கீழே எழுத்தே இல்லாத வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் போட்டார்.

"எழுதினவரின்ரை பேர் இல்லை. உதை எழுதினது ஆர் ஐயா?"

ஐயா என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லிக் குடுத்தனீரோ?"

"இல்லை ஐயா."

"பேரைப் பற்றி அவரோடை ஏதும் கதைச்சனீரோ?"

"ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

சூசைப்பிள்ளையின் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு பென்சிலைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப சரி" என்றார். எனக்குக் கண் கலங்கியதை மறைக்க, கணேசலிங்கத்தின் எழுத்துப் பெட்டிக்குள் எதையோ தேடினேன்.

1995இல் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவிட்டு வந்தவை ஏராளம். கொப்பியும் வட்டம் போட்ட அந்தத் தாளும் என்னோடு வந்தன. அதற்கு அடுத்த நாள் பக்கமும் இருக்கிறது. அதன் அடியில் 'க. இராசநாயகம்' என்று கணேசலிங்கம் ஒரு அளவு பெரிய எழுத்திலேயே கோத்திருந்தார். அந்தப் பெயரை நான் நான்கு தரம் ஒப்புநோக்கினேன். பிழை இருக்கவில்லை.